மாசி கடைசியில் ஒரு குட்டியானை நிறைய ரோஜா

மாசி முடியப் போகிறது என்று தெரிந்துகொள்ள எங்கள் தெருவில் யாரும் காலண்டர் பார்ப்பதில்லை. குட்டியானை வண்டியில் செடி வந்துவிடும். பின்பக்கம் பலகை போட்டுப் படி கட்டி, மேல் படியில் பூத்த ரோஜா, நடுவில் குரோட்டன்ஸும் செம்பருத்தியும், கீழே ஒட்டு மா, ஒட்டு சப்போட்டா. ஸ்பீக்கரில் பதிவுசெய்த குரல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ரோஜாவிலும் இரண்டு பூவாவது விரிந்திருக்கும். இல்லாவிட்டால் யார் வாங்குவார்கள்?

இந்த வருடம் எதிர்வீட்டு அக்கா கை நிறையச் செடியை எடுத்து வைத்துக்கொண்டு என்னையும் கூப்பிட்டார்.

"வாயேன், நீயும் நாலு எடு. ஸ்பிரிங் சீசன்ல நட்டா எல்லாம் சூப்பரா வருமாம். வீடியோவுல ஒரு அம்மா சொல்றாங்க."

"அந்த அம்மா எந்த ஊருக்கா?"

"அமெரிக்காவோ என்னவோ. தமிழ்லதான் பேசுறாங்க."

அந்த வீடியோக்களை நானும் பார்க்கிறேன். நல்ல விஷயம்தான் சொல்கிறார்கள், அவர்கள் ஊருக்கு. அங்கே மண் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கிறது. கடைசி உறைபனி எந்த வாரம் விழும் என்று ஊருக்கு ஊர் ஒரு தேதி கணக்கு வைத்திருக்கிறார்கள். அது தாண்டின பிறகுதான் தக்காளி நாற்றும் பூச்செடியும் வெளியே இறங்கும். டியூலிப் கிழங்கை மட்டும் இலையுதிர் காலத்திலேயே புதைத்துவிட வேண்டும், குளிர் பட்டால்தான் அது பூக்கும். அந்த நாட்டு மண்ணுக்குச் சொந்தமான செடிகளையும் வசந்தத்தில் நடுகிறார்கள். நட்ட செடிக்கு முன்னால் மிதமான வெயிலும் நடுநடுவே மழையும் இருக்கிறது. அதனால் சரி.

கடலூரில் செடிக்கு முன்னால் என்ன இருக்கிறது? வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு மார்கழியோடு கிளம்பிவிடும். வருடத்து மழையில் பாதிக்கு மேல் எங்களுக்கு அப்போதுதான். தையில் காய ஆரம்பிக்கிற மண், ஆனி ஆடியில் சாயங்கால இடிமழை எட்டிப் பார்க்கிறவரை காய்ந்துகொண்டே இருக்கும். ஆறு பருவம் என்று பெரியவர்கள் பிரித்ததில் மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரை, வைகாசிதான் இளவேனில். பேரில்தான் இளசு. மே 4-ல் பிறக்கிற கத்திரி வெயில் அதற்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஊரில் குளிரில் செத்த செடி கிடையாது. சாகிறதெல்லாம் வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும்தான்.

நான் தையல்காரி. மிஷின் ஜன்னலோரம் கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே கொல்லையில் இரண்டு சென்ட்டுக்கும் குறைவான இடம். பிளவுஸுக்குக் கை ஏற்றிக்கொண்டே பார்த்தால் எந்தச் செடி எந்த நேரத்தில் தலை தொங்குகிறது என்று தெரியும். அப்படிப் பார்த்துப் பார்த்து நான் வைத்திருக்கிற கணக்கு இது: பங்குனி வெளியூர்ச் செடிக்கு, புரட்டாசி உள்ளூர்ச் செடிக்கு.

வெளியூர் என்றால் நிஜமாகவே வெளியூர். துலுக்க சாமந்தியும் ஜினியாவும் மெக்சிகோவிலிருந்து வந்தவை. டேபிள் ரோஸ் தென் அமெரிக்கா. அடினியம் ஆப்பிரிக்கா, அரேபியா பக்கம். நித்தியகல்யாணி மடகாஸ்கர். வெயிலும் வறட்சியும் இவற்றில் பலவற்றுக்குப் பிறந்த வீட்டிலேயே பழக்கம். மாசியில் ஜினியா விதை தூவினால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் பூத்துவிடும். கத்திரி வருவதற்குள் ஒரு சுற்றுப் பூ பார்த்துவிடலாம். ஒரு பருவத்தோடு முடிகிற செடிக்கு வேரை ஆழமாக இறக்க வேண்டிய அவசியம் இல்லை, அதனால் பங்குனியில் நடுவதில் நஷ்டமும் இல்லை.

இதில் எனக்குச் செல்லம் டேபிள் ரோஸ். பக்கத்து வீட்டில் விரல் நீளத்துக்குக் கிள்ளிக்கொண்டு வந்து, அடி இலைகளை உருவிவிட்டு, மணல் கலந்த மண்ணில் குத்தினால் போதும். முதல் நாளே தண்ணீர் விட்டுக் கொழகொழவென்று ஆக்காமல் மறுநாள் விட்டால் நல்லது. காலை வெயில் ஏறி, நான் சாப்பிட்டு மிஷினில் உட்காருகிற நேரத்துக்கு விரியும். இதழ் பட்டுத் துணியின் சுருக்கத்தோடு இருக்கும். மத்தியானம் தாண்டினால் மூடிக்கொள்ளும், அந்தப் பூவுக்கு அவ்வளவுதான் ஆயுசு. மேகம் மூடின நாளில் விரிய மாட்டேன் என்று அடம் பிடிக்கும். பங்குனியில் மேகம் எங்கே?

காகிதப்பூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதுச்சேரி போனால் கடற்கரைக்குப் பின்னால் இருக்கிற பிரெஞ்சுத் தெருக்களில் மஞ்சள் சுவரின் மேலே அது வழிந்துகொண்டிருப்பதைப் போட்டோ எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. அந்த ஊர்ப் பூ என்றே பலருக்கு நினைப்பு. அது பிரேசில்காரச் செடி. கப்பலில் உலகம் சுற்றக் கிளம்பின பிரெஞ்சுத் தளபதி பூகன்வில்லுடன் போன கொமெர்சன் என்ற தாவரவியல்காரர், 1767-ல் ரியோ டி ஜெனிரோவில் அதைப் பார்த்துத் தளபதி பேரையே வைத்துவிட்டார். நாம் பூ என்று பார்ப்பது நிறம் மாறின இலை. நடுவில் வெள்ளையாகச் சின்னதாக நிற்கிறதே, அதுதான் பூ. இந்தச் செடிக்குத் தண்ணீரைக் குறைத்தால் பூ கூடும். தினமும் ஊற்றினால் வெறும் இலையாகத் தழைக்கும். எங்கள் அத்தை, என் மாமியார்தான், பாசத்தில் தினம் ஒரு குடம் ஊற்றி அதைப் பச்சைப் புதராக ஆக்கி வைத்திருந்தார். அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் அது பூத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியூர்ச் செடி கூடாது என்று முறுக்கிக்கொள்கிற கூட்டத்தில் நான் இல்லை. புதுச்சேரியில் 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் தாவரவியல் பூங்கா போட்டார்கள். வெளிநாட்டுச் செடிகளைக் கொண்டுவந்து இந்த மண்ணில் பிழைக்கிறதா என்று பார்த்த இடம் அது. வேடிக்கை என்னவென்றால் புதுச்சேரியின் மாநிலப் பூ நாகலிங்கம், 2007-ல் அறிவித்தது. அதுவும் தென் அமெரிக்க மரம்தான். ஆனால் சிவன் கோயிலில் அது இல்லாமல் நமக்கு ஆகாது. மாநில மரமாக வில்வத்தை எடுத்துக்கொண்டு கணக்கைச் சரிக்கட்டிவிட்டார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் செங்காந்தள். அது நம் ஊர்க் கொடி, சந்தேகமே இல்லை. ஆனால் பங்குனியில் அதைப் பார்க்க முடியாது. தையிலேயே கொடி காய்ந்து கிழங்கு மண்ணுக்குள் தூங்கப் போய்விடும். செத்துப்போச்சு என்று தொட்டியைக் கவிழ்க்கிறவர்கள் உண்டு, கவிழ்க்காதீர்கள். மழை பட்டால் எழுந்துகொள்ளும். கிழங்கு கடுமையான விஷம், குழந்தைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உண்ணிச்செடியும் அழகுக்கு வந்ததுதான். குருவி பழம் தின்று விதை பரப்பி இன்றைக்குப் புதர்க்காடு முழுக்க அதுதான். இப்போது நர்சரியில் வெடேலியா என்று மஞ்சள் பூ பூக்கிற தரைக்கொடி ஒன்று கொடுக்கிறார்கள். கணு தொட்ட இடமெல்லாம் வேர் விடும். கொல்லையை விழுங்கி வாய்க்கால் ஓரத்துக்கும் போய்விடும். தரையை மூடக் கொடி வேண்டுமென்றால் தேவனாம்பட்டினம் மணலில் அடும்பு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆட்டுக் குளம்பு போல இலையும் ஊதாப் பூவுமாக. உப்புக்காற்றையும் சுடுமணலையும் அது தாங்கும். எனக்குத் தெரிந்து பங்குனியிலும் தைரியமாக வைக்கக்கூடிய உள்ளூர்ச் செடிகளில் அது ஒன்று, பிரண்டை இன்னொன்று.

குட்டியானை ரோஜாவுக்கு வருகிறேன். பெரிய பூ ரோஜாக்கள் பெரும்பாலும் ஓசூர், பெங்களூர் மாதிரி மேட்டு நிலத்துக் குளிர்ச்சியில் சுகமாக இருப்பவை. அதை வாங்கி வந்து கடல் மட்டத்தில், இராத்திரியும் வேர்க்கிற ஊரில், அன்றைக்கே தொட்டி மாற்றி மொட்டைமாடியில் வைத்தால் சித்திரை தாண்டாது. அக்காவிடம் சொன்னேன். வாங்கின பாக்கெட்டோடு பத்து, பதினைந்து நாள் நிழலில் இருக்கட்டும், பூவையெல்லாம் வெட்டிவிடுங்கள், ஒட்டுக்குக் கீழே கிளம்புகிற தளிரை உடனே கிள்ளுங்கள் என்று.

"பூவுக்காகத்தானே வாங்கினேன், அதையே வெட்டச் சொல்றியே!"

நியாயமான கேள்வி. பூ பூவாக வேண்டுமென்றால் பன்னீர் ரோஜா வாங்க வேண்டும். பூ சின்னது, வாசனை பெரியது, இந்த வெயிலில் பிழைக்கும். மல்லி வேண்டுமென்றால் நட வேண்டிய காலம் பங்குனி இல்லை. கார்த்திகை, மார்கழியில் கிளையை வெட்டிக் கவாத்து பண்ணின செடி இப்போது பூக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஆடிக்கு மேல் பதியன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இனி தண்ணீர். கடலோரத்தில் தோட்டம் போடுகிறவனுக்கு இதுதான் பாதிப் பிரச்சினை. பங்குனி பிறந்தால் எங்கள் கைப்பம்புத் தண்ணீரை நாக்கில் வைத்தாலே வித்தியாசம் தெரியும். முதலில் செம்பருத்தி காட்டிக்கொடுக்கும். இலையின் ஓரம் மட்டும் காப்பிப்பொடி நிறத்தில் கருகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் தெளித்தால் இன்னும் மோசமாகும். தினம் கொஞ்சம் தெளிக்கிறபோது தண்ணீர் ஆவியாகி உப்பு மேல்மண்ணில் தங்கிவிடுகிறது. மண்தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, தொட்டியின் அடித்துளையில் வெளியே வருகிற அளவுக்கு நன்றாக விட்டால் உப்பும் சேர்ந்து இறங்கிப்போகும். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு கிடையாது, பிடித்து வையுங்கள். வாட்டர் ஃபில்டர் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீர் அதற்கு நேர் எதிர், உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது. வீணாகிறதே என்று அதைச் செடிக்கு ஊற்றுகிற சிக்கனம் வேண்டாம்.

கொல்லையில் தரையில் நிற்கிற செடிகளுக்குப் பானை புதைத்திருக்கிறேன். மண்பானையின் அடியில் ஆணியால் ஒரு ஓட்டை, அதில் காட்டன் லைனிங் வெட்டின மிச்சத்தைத் திரியாக முறுக்கிச் செருகி, செடியிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கழுத்து வரை புதைத்தால் ஆயிற்று. பானையை நிரப்பி ஓட்டாஞ்சில்லால் மூடிவிட்டால் தண்ணீர் திரி வழியாக வேருக்குப் போகும், வெயிலுக்குப் போகாது. பாலியஸ்டர் துணியை நான் திரிக்கு எடுப்பதில்லை. பக்கத்து மனை வேம்பு மாசியில் உதிர்க்கிற சருகை எல்லாரும் கூட்டிக் கொளுத்துகிறார்கள். நான் கோணிப்பையோடு போய் அள்ளிக்கொண்டு வந்து செடி அடியில் கொட்டுகிறேன். தெருவில் என்னைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கிறது.

உள்ளூர்ச் செடிக்குப் பங்குனியில் வேலையே இல்லையா? உண்டு, நடுகிற வேலை மட்டும்தான் இல்லை. குழி எடுக்கிற வேலை இருக்கிறது. புரட்டாசியில் நடப்போகிற குழியை இப்போதே எடுத்துத் திறந்து போட்டால் வெயில் உள்ளே இறங்கி மண் நன்றாகக் காய்ந்து ஆறும். எங்கள் கொல்லையில் ஒன்றரை அடி தோண்டினால் முதலில் வருவது வீடு கட்டினபோது போட்ட செங்கல் தூளும் சிமெண்ட் கட்டியும். அதற்குக் கீழேதான் ஆற்று மணல். அந்தச் சிமெண்ட் கட்டியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கச் சொல்வேன். பூச்சு வேலை முடிந்த சுவர் ஓரத்தில் இட்லிப்பூ வைத்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சுண்ணாம்பு ஏறின மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. உரம் போட்டுப் பிரயோஜனம் இல்லை. கேப்பர் மலைச் செம்மண்ணும் மக்கின சாணியும் கலந்து குழியை நிரப்பினால் சரியாகும்.

பங்குனியின் இன்னொரு வேலை, பார்ப்பது. அத்தை வீட்டுக் குலதெய்வம் புத்துப்பட்டு அய்யனார். புதுச்சேரி தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வரும். உத்திரத்துக்குக் கூட்டம் நெரியும். கோயிலைச் சுற்றி ஒரு காடு நிற்கிறது. இந்தச் சோழமண்டலக் கரை முழுக்க ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். உயரம் அதிகம் இல்லை, ஆனால் வெயில் உள்ளே விழாது, கோடையிலும் பச்சை மாறாது. வீரையும் காயாவும் கொடிகளும் பின்னிக் கிடக்கும். இந்த மாதிரிக் காடு இப்போது கோயில் ஓரங்களில் துண்டு துண்டாகத்தான் மிச்சம். உள்ளே போய்க் கீழே கிடந்த ஒரு குச்சியை நான் எடுத்ததற்கு அத்தை சத்தம் போட்டார்.

"கீழ போடும்மா! அய்யனார் குதிரை ஓட்டுற காடு. இங்கேர்ந்து ஒரு சுள்ளி வெளிய போகக் கூடாது."

போட்டுவிட்டேன். அந்தப் பயம் இல்லாவிட்டால் அங்கேயும் பிளாட் போட்டிருப்பார்கள்.

காயா என்றால் காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடுகிறோமே, அந்தக் காயாதான். எங்கள் பக்கம் காசா என்பார்கள். கோடையில் ஒரு மழை விழுந்தால் போதும், இலைக்காம்பின் இடுக்கிலும் பழைய தண்டிலும் கொத்துக் கொத்தாக நீலமும் ஊதாவும் கலந்து பூக்கும். ஒவ்வொரு பூவும் மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. உற்றுப் பார்த்தால் உள்ளேயிருந்து கேசரங்கள் நீல நூலாக நீட்டிக்கொண்டிருக்கும். குட்டியானையில் இது வராது. இதைவிட அழகுச்செடி என்று என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இலை மெழுகு பூசின பச்சை, வெட்டினால் வெட்டின உருவத்தில் நிற்கும், மாடு கடிக்காது, ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் கத்திரியிலும் தண்ணீர் கேட்காது. மெதுவாக வளரும், அது ஒன்றுதான் குறை. இரண்டு சென்ட்டில் தோட்டம் போடுகிறவளுக்கு அது குறையும் இல்லை.

செருந்தி இன்னொன்று. சிலந்தி என்றும் சொல்வார்கள். மாசி, பங்குனியில் இலை உதிர்த்துச் செந்தளிர் விட்டுக்கொண்டே பொன் மஞ்சளாகப் பூக்கும். பூ உதிர்ந்த பிறகு அதன் அடியில் இருக்கிற புல்லிவட்டம் சிவப்பாகி அதன்மேல் கறுப்புக் காய் உட்காரும். அது தனி அழகு. வசந்தத்தில் பூக்கிற செடி வேண்டுமென்று கேட்கிற அக்காவுக்கு நான் காட்ட நினைப்பது இதைத்தான். ஆனால் பூக்கிற மாதம் வேறு, நடுகிற மாதம் வேறு என்று புரியவைப்பதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

திருப்பாதிரிப்புலியூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வதற்குள் பாதிரியைச் சொல்லிவிடுகிறேன். பாடலீஸ்வரர் கோயிலின் தல மரம், ஊர்ப் பேரே அதிலிருந்து வந்தது. வேனிலில் பூக்கும், நல்ல வாசனை. அது பெரிய மரமாகும், கொல்லையில் ஆகாது. மனை பெரிதாக இருக்கிறவர்கள் வைக்கலாம். எத்தனை பேர் ஊர்ப் பேரைச் சொல்லிக்கொண்டு அந்த மரத்தைப் பார்க்காமலே இருக்கிறோம் என்பது வேறு கதை.

இவற்றின் கன்று எங்கே கிடைக்கும் என்றால், வனத்துறை நாற்றங்காலில் சிலது கிடைக்கும். ஆரோவில் பக்கத்து நாற்றங்கால்களில் இன்னும் கூடுதல். 1968-ல் அங்கே இருந்தது அரித்துப்போன செம்மண் பொட்டல். அதில் காடு வளர்க்கப் போய்த்தான் இந்தக் கரையோரச் செடிகளின் விதையைத் தேடித் தேடிக் கன்று பண்ணிப் பழகினார்கள். வாங்கும்போது உயரமான கன்றைத் தேடாதீர்கள். முக்கால் அடி, ஒரு அடி இருந்தால் போதும். பாக்கெட்டில் வருடக்கணக்கில் நின்ற கன்றைப் பிரித்தால் வேர் பாபினில் நூல் சுற்றின மாதிரி சுற்றியிருக்கும். அதை அப்படியே குழியில் வைத்தால் மண்ணுக்குள்ளேயும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நான் தையல் பிரிக்கிற பிளேடால் பாக்கெட்டின் அடியை வட்டமாக அறுத்து எடுத்துவிட்டு, சுற்றின வேரை மட்டும் கிள்ளிவிட்டு, பக்கவாட்டைக் குழிக்குள் இறக்கின பிறகு கிழித்து உருவுவேன். மண்ணுருண்டை உடையாது.

ஏன் புரட்டாசி? ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கன்றுக்குக் கால் ஊன்ற ஒரு மாத அவகாசம் கிடைக்கும். பிறகு மூன்று மாதம் வானமே தண்ணீர் ஊற்றும், அதுவும் உப்பில்லாத தண்ணீர். தை, மாசிக்குள் வேர் ஆழம் போயிருக்கும். அந்த வேரை வைத்துக்கொண்டுதான் அது முதல் கத்திரியைத் தாண்ட வேண்டும். பங்குனியில் நட்ட காயாவுக்கு அந்த வேர் இருக்காது.

புயல் கணக்கும் உண்டு. 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த காலையை கடலூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் முருங்கை, மா இரண்டும் படுத்துவிட்டன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் போனதற்கு முன்னால் எங்கள் நஷ்டம் ஒன்றுமே இல்லை. குட்டையாக, கெட்டியாக நின்ற நந்தியாவட்டை இலைகளை மட்டும் பறிகொடுத்துவிட்டுத் தளிர்த்தது. 2024 நவம்பர் 30 இராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது காற்றைவிடத் தண்ணீர்தான் படுத்தியது. தென்பெண்ணையும் பெருகி ஊரில் பல இடம் வெள்ளத்தில் நின்றது. அடினியம் அடிக்கிழங்கு அழுகிப் போனது. பூவரசு அசையவில்லை. அதிலிருந்து எந்தக் குழியையும் நிரப்பும்போது தரை மட்டத்துக்கு மேல் ஒரு சாண் மேடாக வைக்கிறேன். மழைக்காலத்தில் மேடு, கோடையில் அதைச் சுற்றிப் பாத்தி.

அத்தைக்கும் எனக்கும் எருக்கில் மட்டும் ஒத்துப்போகாது. வெள்ளையும் கறுப்பும் மஞ்சளும் பட்டை போட்ட புழு எருக்கிலையைக் கடித்து வளர்ந்துதான் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி ஆகும். ஆகவே கொல்லையில் ஒன்று வேண்டும் என்றேன்.

"எருக்கு முளைச்ச வீடுன்னு வைவாங்க தெரியுமா? நீ அதைக் கொண்டாந்து நட்டு வைக்கப் போறியா?"

சந்துக் கடைசியில் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் தானாக முளைத்தது ஒன்று இருக்கிறது. அதை வெட்டவிடாமல் பார்த்துக்கொள்வது என்று சமாதானம். விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்ட அந்த எருக்கம்பூவைத்தான் அத்தை பறித்து வருகிறார். நித்தியகல்யாணியும் அவருக்கு ஆகாது. சுடுகாட்டு மல்லி என்பார். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து ஒன்று அதன் இலையிலிருந்து வருகிறது என்று சொன்ன பிறகு, வாசலில் வேண்டாம், கொல்லையில் இருக்கட்டும் என்று இறங்கி வந்திருக்கிறார்.

உள்ளூர், அலங்காரம் என்கிற இரண்டு பட்டியலிலும் சண்டை இல்லாமல் நிற்கிறது கனகாம்பரம். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் பூர்வீகம். கோடையில் பூக்கும், பறித்த பூ தலையில் ஒரு நாளுக்கு மேல் வாடாமல் இருக்கும். ஒரே இடத்தில் வருடக்கணக்கில் வைத்தால் வேரில் நூற்புழு விழுந்து செடி மெலியும். நான் இடத்தை மாற்றி, பழைய இடத்தில் ஒரு பருவம் துலுக்க சாமந்தி போடுகிறேன். அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கிறது. உள்ளூர்க்காரனுக்கு மெக்சிகோக்காரன் துணை. டெல்லிக் கனகாம்பரம் என்று ஆரஞ்சுச் சிவப்பில் ஒன்று உண்டே, அதைக் குச்சியிலிருந்துதான் பண்ண வேண்டும். சாதாரணக் கனகாம்பரம் விதையில் வரும்.

காய்ந்த கதிர்களை ஒடித்து மிஷின் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிற பிள்ளைகள் அளவு எடுக்கிறவரை அழாமல் இருக்க அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவேன். கொஞ்ச நேரத்தில் பட்டென்று வெடிக்கும். விதை துள்ளி மிஷின் மேலே, துணி மேலே, போன வாரம் ஒரு பிள்ளையின் மூக்கு மேலே. அந்த விதைகளைப் பொறுக்கிப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். ஆடி பிறந்ததும் தருகிறேன். நந்தியாவட்டைக் குச்சியும் அப்போதுதான், இப்போது கேட்காதீர்கள். பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டுப் பாக்கி வைத்திருக்கிறவர்கள், பாக்கியைத் தீர்த்துவிட்டு விதை வாங்கிக்கொள்ளவும்.